நெடியவன் குள்ளனான கதை

(தலைப்பு: "செல்போன் திட்டங்களில் நாம் ஏமாறுகிறோமா? ஏமாற்றப்படுகிறோமா?" 'ஏமாற்றப்படுகிறோம்' அணியில் பேசியது)

பெருமதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே! என் அணியின் தோழர்களே! எதிரே அமர்ந்திருக்கிற ஏமாறும் அணியினரே! (சிரிப்பு) மன்னிக்கணும், 'ஏமாறுகிறோம்' என்று வாதாடும் அணியினரே! அரங்கம் நிறைந்திருக்கிற திருச்சிப் பெருமக்களே! வீட்டில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருக்கிற தாய்மார்களே! 

எனக்கு முன்னால் பேசிய சகோதரி ரொம்ப நல்லாப் பேசினாங்க. அவங்க கேட்டது ஒரே கேள்வி. "காந்தி மார்க்கெட்டுல கால் கிலோ கத்திரிக்காய் வாங்க நாலு கடை ஏறி இறங்குறீங்களே, முந்நூறு ரூபாய்க்கு ரீசார்ஜ் போடும்போது நாலு வரி படிக்கக் கூடாதா? படிக்காதது உங்க தப்புதானே? அப்புறம் ஏமாத்திட்டான்னு ஏன் புலம்புறீங்க?"

நியாயமான கேள்விங்க. கைதட்டுங்க அவங்களுக்கு. (கைதட்டல்) ஆனா ஒண்ணு. கத்திரிக்காயை நான் கையில் எடுத்துப் பார்க்கலாம். காம்பைத் திருப்பிப் பார்க்கலாம். புழு இருந்தா ஓட்டை தெரியும். தராசுல அரசாங்க முத்திரை இருக்கான்னு பார்க்கலாம், இல்லேன்னா புகார் கொடுக்கலாம். இந்த டேட்டாவை யாராவது கையில் எடுத்துப் பார்த்திருக்கீங்களா? காம்பு எங்கே இருக்கு அதுக்கு? (சிரிப்பு) விற்கிறவனும் அவனே, அளக்கிறவனும் அவனே, "தீர்ந்து போச்சு" என்று சொல்கிறவனும் அவனே. தராசு அவன் வீட்டுக்குள்ள இருக்கு ஐயா!

நடுவர் அவர்களே, நான் ஸ்ரீரங்கத்துக்காரன். எங்க ஊர்ல எதை எடுத்தாலும் பெருமாள்ல போய்த்தான் முடியும். அதனால ஒரு பழைய ஒப்பந்தத்தை உங்க முன்னால் வைக்கிறேன். மகாபலிகிட்ட ஒரு சின்னப் பையன் வந்தான். குடை, கமண்டலம், ஒண்ணரை முழம் உயரம். "என்ன வேணும்?" "மூன்றடி மண்." அவ்வளவுதான் ஒப்பந்தம். "யாருடைய அடி?" என்று மகாபலி கேட்கவில்லை. நம்மளை மாதிரியே, "சம்மதம்" பட்டனை அழுத்திட்டான்! (பலத்த சிரிப்பு)

பக்கத்திலேயே சுக்கிராச்சாரியார் இருந்தார். "நிபந்தனையைப் படிடா, நிபந்தனையைப் படிடா" என்று சொன்னார். கேட்கலை. வண்டாகப் போய்க் கமண்டலத்தின் மூக்கை அடைத்தார். என்ன ஆச்சு? தர்ப்பைப் புல்லால குத்தினதுல கண்ணு போச்சு. நிபந்தனையைப் படிக்கச் சொன்ன ஒரே ஆளுக்குக் கிடைச்ச பரிசு அது! (சிரிப்பு, கைதட்டல்) எதிரணிச் சகோதரி ஜாக்கிரதையா இருக்கணும்.

ஆனா நான் சொல்ல வந்தது வேற. அங்கே குள்ளனாக வந்தவன் நெடியவன் ஆனான். இங்கே என்ன நடக்குது? நெடியவனாக வருகிறவன் குள்ளனாகிறான்! விளம்பரத்தில் வரும்போது எப்படி வருகிறான்? "அன்லிமிடெட்!" அளவே கிடையாது, எல்லையே கிடையாது. வானத்துக்கும் பூமிக்குமா நிற்கிறான். காசைக் கட்டின பிறகு சாயங்காலம் நாலு மணிக்குப் பார்த்தா, காலடியில் ஒண்ணரை முழமா நின்னுகிட்டு, "இன்றைய ஒதுக்கீடு முடிந்துவிட்டது" என்கிறான். ஆனா மகாபலிக்கு ஒரு மரியாதை இருந்தது. அவன் பார்த்த உருவம் பெரிசாச்சு, சின்னதாகலை. (கைதட்டல்)

நான் தமிழ் வாத்தியார். எனக்கு இந்தச் சொல்லை விட்டால் வேற போக்கிடம் இல்லை. 'அளவில்லாத' என்றால் அளவு இல்லாதது. இதுல என்ன இலக்கணச் சிக்கல் இருக்கு? "ஐயா, அது சும்மா ஒரு அழகுக்குச் சொல்றது, உயர்வு நவிற்சி" என்று எதிரணித் தம்பி சமாளித்தார். தம்பி, உயர்வு நவிற்சி அணி எனக்குத் தெரியும். முப்பது வருஷமா வகுப்புல நடத்துறேன். காதலியைப் பார்த்து ஒரு கவிஞன் "உன் முகம் ஆயிரம் நிலவு" என்கிறான். அவள் கண்ணாடியைப் பார்த்துட்டு, "எங்கேய்யா நிலவு, எடு காசை" என்று கேட்பதில்லை. ஏன்? சொல்கிறவனுக்கும் தெரியும், கேட்கிறவளுக்கும் தெரியும், அது மிகை என்று. ரெண்டு பேருக்கும் தெரிந்தால் அது அணி. சொல்கிறவனுக்கு மட்டும் தெரிந்து கேட்கிறவனுக்குத் தெரியவில்லை என்றால் அதுக்குப் பெயர் அணி இல்லை, தம்பி. உங்க அப்பாவைக் கேளுங்க, பெயர் சொல்லுவார். (கைதட்டல்)

சரி, அவன் சொல்லாமலா விட்டான்? சொல்லியிருக்கிறான். அந்தச் சொல்லின் தலைக்கு மேலே சின்னதாக ஒரு நட்சத்திரம் போட்டிருக்கிறான். அதற்குத் தமிழில் 'உடுக்குறி' என்று பெயர். உடு என்றால் விண்மீன். நம்ம ஊர்ல நட்சத்திரத்துக்குக் கீழே ஜாதகம் எழுதுவாங்க. இவங்க நம்ம தலையெழுத்தை எழுதுறாங்க! (சிரிப்பு) அந்த நட்சத்திரத்தைப் பிடிச்சுக்கிட்டு அடியில் போனா, எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி: 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது'. என்ன நிபந்தனை? அதைத் தட்டினால் இன்னொரு பக்கம். அதில் தட்டினால் இன்னொன்று. எங்க ஸ்ரீரங்கத்துலயும் ஏழு பிராகாரம் தாண்டணும். ஆனா தாண்டினவனுக்குப் பெருமாள் தரிசனம் உண்டு. இங்கே ஏழு மதிலைத் தாண்டிப் போனா, கருவறையில் ஒரு பலகை தொங்குது: 'மேற்கண்ட நிபந்தனைகள் முன்னறிவிப்பின்றி மாறக்கூடும்.' (பலத்த சிரிப்பு)

இது இன்னிக்கு நேற்று ஆரம்பிச்ச கதை இல்லை ஐயா. 1995 ஜூலை 31-ஆம் தேதி கல்கத்தாவில் இருந்து ஜோதிபாசு டெல்லிக்குப் பேசி செல்போனைத் தொடங்கி வைத்தார். அப்ப நமக்கு வருகிற போனை எடுத்தாலே காசு. 2003-இல்தான் அது போச்சு. 2005 டிசம்பரில் ஒரு புதுத் திட்டம் வந்தது. ஞாபகம் இருக்கா? 'வாழ்நாள் முழுக்க வேலிடிட்டி'. 999 ரூபாய் ஒரே தடவை. எங்க அப்பா ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். செலவு செய்யுறதுக்கு முன்னால மூணு நாள் யோசிக்கிற ஆள். அவர் போய் வாங்கினார். வீட்டுக்கு வந்து எங்க அம்மாகிட்ட, "இனிமே நான் இருக்குற வரைக்கும் கவலை இல்ல" என்றார்.

'வாழ்நாள்' என்றால் யாருடைய வாழ்நாள்? கேட்டோமா? மகாபலி கேட்காத அதே கேள்வி! டிராய் என்று சொல்கிறோமே, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், 2006-இல் அது விளக்கம் சொன்னது. வாழ்நாள் என்றால் வாடிக்கையாளர் வாழ்நாள் இல்லை, நிறுவனத்துக்கு உரிமம் இருக்கிற காலம். அந்த உரிமம் எப்ப முடியும் என்று வாங்குகிறவருக்குச் சொல்லியாகணும் என்று. அதாவது எங்க அப்பா நம்பினது தன் ஆயுளை. அவன் விற்றது கம்பெனி ஆயுளை!

2018-இல் ரெண்டு காரியம் நடந்தது. பிப்ரவரியில் ஏர்செல் படுத்துவிட்டது. தமிழ்நாட்டில் பிறந்த கம்பெனி. சிக்னல் இல்லாமல், நம்பரை வேற கம்பெனிக்கு மாற்றக் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் கடை வாசலில் நின்றார்கள். வாழ்நாள் சந்தா வைத்திருந்தவர்களுக்குக் கம்பெனியின் வாழ்நாளே முடிந்து போனது. அந்த வருஷக் கடைசியில் வேற சில கம்பெனிகள், "28 நாளைக்கு 35 ரூபாயாவது போட்டால்தான் உங்க நம்பர் ஓடும்" என்றன. எங்க அப்பாவுக்கும் செய்தி வந்தது. என் கையில் போனைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். படித்தேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் கேட்டார்: "ஏம்ப்பா, நான் இன்னும் இருக்கேனே?" (சிரிப்பு) சிரிக்கிறீங்க. நானும் அன்னிக்குச் சிரிச்சேன். அவர் சிரிக்கலை.

இன்னொண்ணு சொல்றேன். எங்க அப்பா வைத்திருப்பது பட்டன் போன். அதில் இணையமே பார்க்க முடியாது. ஆனால் பேசுவதற்கு நல்ல திட்டம் வேணும்னா கூடவே டேட்டாவையும் வாங்க வேண்டியிருந்தது. சர்க்கரை வியாதிக்காரருக்கு, "சாப்பாடு வேணும்னா ஜாங்கிரியும் சேர்த்துத்தான் தருவேன்" என்கிற மாதிரி! 2024 டிசம்பரில்தான் டிராய், பேசுவதற்கும் குறுஞ்செய்திக்கும் மட்டும் தனித் திட்டம் கொடுத்தாகணும் என்று விதி கொண்டு வந்தது. அப்பாவுக்கு அப்பவே தொண்ணூறு.

மாதம் என்கிற சொல்லை மட்டும் விட்டு வைத்தார்களா? தமிழ் மாதத்துக்கு 29 நாள் உண்டு, 32 நாள் வரைக்கும் உண்டு. 28 நாள் மாதம் எந்தப் பஞ்சாங்கத்தில் இருக்கு? வெள்ளைக்காரன் பிப்ரவரியில் இருக்கு, அதுவும் நாலு வருஷத்துக்கு ஒரு தடவை அவனுக்கே வெட்கம் வந்து ஒரு நாள் சேர்த்துக்கொள்கிறான். (சிரிப்பு) இருபத்தெட்டைப் பதின்மூன்றால் பெருக்குங்க, 364. வருஷத்துக்குப் பன்னிரண்டு சம்பளம், பதின்மூன்று ரீசார்ஜ். என் மனைவிதான் கணக்குப் போட்டுச் சொன்னாள்: "ராஜகோபுரத்துக்கும் பதின்மூணு நிலை, நம்ம ரீசார்ஜுக்கும் பதின்மூணு நிலை. அது கட்டி முடிஞ்சிடுச்சு, இது கட்டிக்கிட்டே இருக்கணும்." (கைதட்டல்) 2022 ஜனவரியில் டிராய் உத்தரவு போட்ட பிறகுதான், முப்பது நாள் திட்டம் ஒன்றாவது, மாதாமாதம் ஒரே தேதியில் வருகிற திட்டம் ஒன்றாவது ஒவ்வொரு கம்பெனியும் வைக்க வேண்டி வந்தது. ஒன்றாவது! மற்றதில் பல பழைய 28-தான்.

இப்ப எதிரணித் தம்பியின் பெரிய வாதத்துக்கு வருகிறேன். "அலைவரிசை பொதுச் சொத்து. ஒரு கோபுரத்தை ஆயிரம் பேர் பகிர்ந்துகொள்கிறோம். ஒருத்தரே நாள் முழுக்கப் படம் பார்த்தா மத்தவங்களுக்கு என்ன கிடைக்கும்? எல்லை வைப்பது நியாயம்தானே?" என்றார். அவர் சொன்னது உண்மை. நான் மறுக்கலை. இன்னும் ஒண்ணு நானே சேர்த்துச் சொல்றேன். 2016-க்கு முன்னால ஒரு ஜி.பி.க்கு 250 ரூபாய் வரைக்கும் கொடுத்தோம். அந்த வருஷம் செப்டம்பர் 5-இல் ஜியோ வந்தது, விலை சரிந்தது. பூக்கட்டுகிற பாட்டி துபாயில் இருக்கிற பேரன் முகத்தைப் பார்க்கிறாள் என்றால் அதனால்தான். நன்றி கெட்டுப் பேச மாட்டேன்.

ஆனால் தம்பி, நீங்க டெல்டாவுல பிறந்தவர். முறைப்பாசனம் தெரியுமில்ல? தண்ணீர் குறைஞ்ச காலத்துல வாய்க்காலுக்கு முறை வைப்பாங்க. இந்த வாய்க்காலுக்கு இத்தனை நாள், அந்த வாய்க்காலுக்கு இத்தனை நாள். எங்க மாமாவுக்கு லால்குடிப் பக்கம் நிலம். முறை வந்தா ராத்திரி ரெண்டு மணின்னாலும் மண்வெட்டியைத் தூக்கிட்டுப் போவார். குறைஞ்ச தண்ணீர்தான். சண்டை கூட வரும். ஆனா ஒரு நாளாவது, ஒரு அதிகாரியாவது வந்து, "முக்கொம்பில் இருந்து உங்களுக்கு அளவில்லாத் தண்ணீர் விடுறோம்" என்று விளம்பரம் பண்ணியிருக்காங்களா? அளவு இருக்கு, அது முன்கூட்டியே தெரியும், அதை நம்பித்தான் விவசாயி நாற்று விடுறான். எல்லை வைக்கிறதை நான் குறை சொல்லலை ஐயா. எல்லையை வைத்துக்கொண்டு 'எல்லையில்லை' என்று பெயர் வைக்கிறதைத்தான் குறை சொல்றேன். (நீண்ட கைதட்டல்)

அந்தச் சொல் தேய்ந்து தேய்ந்து அவர்களுக்கே நம்பிக்கை இல்லாமல் போச்சு. 2016-இல், பேசுவதற்குக் காசே கிடையாது என்றுதான் ஜியோ சொன்னது. 2019 அக்டோபரில், வேற கம்பெனி நம்பருக்குப் பேசினால் நிமிஷத்துக்கு 6 பைசா என்றது. 2021 பிறந்த பிறகுதான் அது போனது. 2019 டிசம்பரில் ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் 'அன்லிமிடெட்' அழைப்புக்கு, வேற கம்பெனி நம்பர் என்றால் 28 நாளைக்கு ஆயிரம் நிமிஷம் என்று எல்லை போட்டன. ஜனங்கள் சத்தம் போட்டதும் சில நாளில் எடுத்துவிட்டன. எடுத்துவிட்டு, ஏர்டெல் வைத்த பெயர் என்ன தெரியுமா? 'ட்ரூலி அன்லிமிடெட்'! 'உண்மையிலேயே அளவில்லாதது'! அப்ப இதுக்கு முன்னாடி? (சிரிப்பு) பால்காரர் வந்து, "அம்மா, இன்னிக்கு உண்மையிலேயே பால்" என்றால் உங்க வயிறு என்ன ஆகும்? (பலத்த சிரிப்பு, கைதட்டல்) அப்புறம் 5ஜி வந்தது, அதுவும் அளவில்லை என்றார்கள். 2024 ஜூலை 3-ஆம் தேதி கட்டணம் ஏறியதோடு, ஜியோவிலும் ஏர்டெல்லிலும் தினம் 2 ஜி.பி.யும் அதற்கு மேலும் உள்ள திட்டக்காரர்களுக்குத்தான் அந்த அளவில்லாத 5ஜி என்று சுருங்கிவிட்டது. அளவில்லாததை வாங்க ஓர் அளவு!

"சரி, தப்பு நடந்தா கோர்ட்டுக்குப் போங்க" என்றாங்க சகோதரி. போனவர் கதையைச் சொல்றேன். அகமதாபாத்தில் ஒருவர். மாதம் சராசரியாக 555 ரூபாய் பில் கட்டுகிறவர். 2013 நவம்பர் – டிசம்பரில் ஒரே ஒரு மாதத்துக்கு 24,609 ரூபாய் பில் வந்தது. வோடஃபோன் இணைப்பு. நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். கம்பெனி என்ன சொன்னது? பில் சரியா தப்பா என்று பேசுவதற்கு முன்னால், "இதை விசாரிக்க நுகர்வோர் மன்றத்துக்கு அதிகாரமே கிடையாது" என்றது. 2009-இல் வந்த ஒரு தீர்ப்பைக் காட்டியது. மாவட்டம், மாநிலம், தேசியம் என்று ஏறி உச்ச நீதிமன்றம் வரை போச்சு. 2022 பிப்ரவரி 16-இல்தான், "நுகர்வோர் மன்றத்துக்கும் போகலாம்" என்று தீர்ப்பு வந்தது. எட்டு வருஷத்துக்கு மேல் ஆனது, எந்தக் கதவைத் தட்டலாம் என்று தெரிந்துகொள்வதற்கு மட்டும்! அதுவரைக்கும் பில்லைப் பற்றிப் பேசவே ஆரம்பிக்கலை. ஆனா அவர் புண்ணியத்தில் இன்னிக்கு நம்ம திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்களும் நானும் செல்போன் பில்லோடு போய் நிற்கலாம். அந்த முகம் தெரியாத மனிதருக்கு ஒரு கைதட்டு கொடுங்க. (கைதட்டல்)

படிக்காத நாடு, அதனால ஏமாறுகிறோம் என்று நினைக்காதீங்க. அமெரிக்காவில் ஏடி அண்டு டி கம்பெனி, அளவில்லாத இணையம் என்று விற்றுவிட்டு 2011 முதல் வேகத்தைக் குறைத்தது. முப்பத்தைந்து லட்சம் பேருக்கு மேல். அங்குள்ள வணிக ஆணையம் 2014-இல் வழக்குப் போட்டது, 2019-இல் ஆறு கோடி டாலர் கொடுத்து முடித்தார்கள். முப்பத்தைந்து லட்சம் அமெரிக்கர்களும் எழுத்தறியாதவர்களா சகோதரி?

நடுவர் ஐயா மணியைத் தொட்டுப் பார்க்கிறார். ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு உட்கார்ந்துடறேன். இது நான் இதுவரைக்கும் மேடையில் சொன்னதில்லை.

2021. கொரோனா. எங்க மாணவர்கள் வீட்டில் உட்கார்ந்து தாளில் தேர்வு எழுதி, அதைப் படம் எடுத்து இணையத்தில் அனுப்பணும். தேர்வு முடிஞ்ச அரை மணி நேரத்துக்குள்ள வந்து சேரணும். அன்னிக்குத் தமிழ் இலக்கணத் தாள். முடிஞ்சு இருபது நிமிஷம் இருக்கும். லால்குடிப் பக்கத்துக் கிராமத்துல இருந்து ஒரு மாணவி எனக்குப் போன் பண்றா. அப்பா கூலி வேலை. வீட்டுக்கு ஒரே போன். காலையில் தம்பிக்கு அதே போனில் பள்ளிக்கூட வகுப்பு. நாளைக்கு ஒண்ணரை ஜி.பி. மதியத்துக்குள்ள அது தீர்ந்து போச்சு. "ஐயா, நெட்டு இருக்குன்னு காட்டுது. ஆனா போக மாட்டேங்குது ஐயா. சுத்திக்கிட்டே இருக்கு" என்கிறாள். அழுகை.

அது ஏன் போகலை என்று எனக்கு அப்பத் தெரியாது. அப்புறம் என் மகன்தான் விளக்கினான். ஒதுக்கீடு தீர்ந்தா இணைப்பைத் துண்டிக்க மாட்டாங்களாம். வேகத்தை 64 கே.பி.பி.எஸ். ஆக்கிடுவாங்களாம். துண்டிக்காததால அது 'அன்லிமிடெட்'டாம்! நம்ம ஸ்ரீரங்கம் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸுல ஏறுறீங்க. காவிரிப் பாலம் வந்ததும் கண்டக்டர், "பஸ் நிக்காதுங்க, கடைசி வரைக்கும் போகும். ஆனா இனிமே ரெண்டு கிலோமீட்டர் வேகத்துலதான் போகும்" என்றால் எப்படி இருக்கும்? மிகைப்படுத்திச் சொல்லலை ஐயா. பிராட்பேண்ட் என்று சொல்லணும்னா குறைஞ்சது 2 எம்.பி.பி.எஸ். வேகம் வேணும் என்று 2023 ஜனவரியில் அரசாங்கமே வரையறுத்திருக்கு. 64 என்பது அதில் முப்பதில் ஒரு பங்கு. வீட்டுக்குக் கம்பி வழியா வருகிற இணைப்புக்கு, எல்லை தாண்டினாலும் 512-க்குக் கீழே போகக் கூடாது என்று 2016-லேயே டிராய் சொல்லிவிட்டது. கம்பி இழுக்க வசதி இருக்கிறவன் வீட்டுக்கு 512. அந்தப் பொண்ணு கையில் இருந்த போனுக்கு 64.

கணக்கைக் கேளுங்க. இருபது பக்கம் எழுதியிருக்கா. ஒரு பக்கத்துப் படம் ஒரு எம்.பி. மொத்தம் இருபது எம்.பி. விற்கும்போது பைட் கணக்கு, வேகம் சொல்லும்போது பிட் கணக்கு. ஒரு பைட்டுக்கு எட்டு பிட். மரக்காலில் விற்றுவிட்டு உழக்கில் அளந்து காட்டுகிற மாதிரி. எட்டால் பெருக்கி, அறுபத்து நாலால் வகுத்தா, 2,500 விநாடி. நாற்பத்தொரு நிமிஷத்துக்கு மேலே. அவளுக்கு இருந்தது முப்பது நிமிஷம். ஒரு எழுத்துத் தப்பில்லாமல் எழுதியிருந்தாலும், முதல் நிமிஷத்திலேயே அனுப்ப ஆரம்பிச்சிருந்தாலும், அந்தத் தாள் நேரத்துக்கு வந்து சேர்ந்திருக்காது.

இதெல்லாம் தெரியாத நான் அன்னிக்கு என்ன சொன்னேன் தெரியுமா? எதிரணிச் சகோதரி இன்னிக்குச் சொன்ன அதே வார்த்தை. "ஏம்மா, தேர்வு இருக்குன்னு தெரியுமில்ல? டேட்டா எவ்வளவு இருக்குன்னு முன்கூட்டியே பார்க்கக் கூடாதா? இவ்வளவு அஜாக்கிரதையா இருப்பியா?" கோபமாத்தான் கேட்டேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னா, "அன்லிமிடெட்னுதானே ஐயா எங்கப்பா போட்டாரு."

(அரங்கில் அமைதி)

இலக்கணம் படிக்கிற பொண்ணு. சொல்லுக்குப் பொருள் உண்டு என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன் நான். அவள் அதை நம்பினாள். நான் அவளைத் திட்டினேன்.

அவங்க அப்பா அந்தத் தாளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, பக்கத்து வீட்டு வண்டியை வாங்கிக்கொண்டு, ஊரடங்கு நேரத்தில் வழியில் ரெண்டு இடத்தில் போலீஸுக்குப் பதில் சொல்லி, சாயங்காலம் கல்லூரி வாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். நான் போய் நின்று பேசினேன். வாங்கிக்கொண்டார்கள். தேர்ச்சி ஆகிட்டா. அன்னிக்கு வாசலில் அவங்க அப்பாகிட்ட, "வேற ஏதாவது பெரிய திட்டமாப் போடக் கூடாதாங்க?" என்று கேட்டேன். வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இதுதாங்க ஐயா பெருசுன்னு கடையில சொன்னாங்க." இருபத்தெட்டாம் நாள் மறுபடியும் அதையேதான் போட்டிருப்பார். அந்தக் கடையில் வேற என்ன பெயரில் எதை விற்றார்கள், அவர் மாற்றிப் போட?

ஏமாந்தவர் என்று அவரை என்னால் சொல்ல முடியலை நடுவர் அவர்களே. தீர்ப்பை உங்க கையில் விட்டுவிட்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)